கை ஆடுது என்றால், எப்போது ஆடுது?

தமிழில் 'இழுத்துக்கிச்சு' என்ற ஒரே சொல்லை எத்தனையோ நோய்க்குச் சொல்கிறோம். பக்கவாதம் வந்து வாய் கோணினாலும் இழுத்துக்கிச்சு, வலிப்பு வந்தாலும் இழுத்துக்கிச்சு, கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டாலும் இழுத்துக்கிச்சு. போதாக்குறைக்கு ஆஸ்துமாவும் இழுப்புதான். 'நடுக்கம்' மட்டும் என்ன? குளிர்காய்ச்சல் உதறலும் தாத்தாவின் கை ஆட்டமும் அதற்குள்ளேயே அடக்கம். வீட்டில் பேச இது போதும். டாக்டர் முன்னால் உட்காரும்போது போதாது. உடம்பு தானாக அசையும் நோய்களில், என்ன வகை அசைவு என்று பிரித்தறிவதுதான் பாதி வைத்தியம். அதைப் பெரும்பாலும் கண்தான் கண்டுபிடிக்கிறது, ஸ்கேன் இல்லை. பார்க்கின்சன் நோய் இருப்பவருக்குச் சாதாரண எம்ஆர்ஐ எடுத்தால் பல நேரம் 'குறிப்பிடும்படி ஒன்றுமில்லை' என்றே ரிப்போர்ட் வரும்.

கவனிக்க வேண்டியவை சிலதான். சும்மா இருக்கும்போது வருகிறதா, வேலை செய்யும்போது வருகிறதா? ஒரே தாளத்தில் ஆடுகிறதா, தாறுமாறாகவா? கொஞ்ச நேரம் அடக்கிவைக்க முடிகிறதா? தூங்கினால் நிற்கிறதா? இவற்றோடு இன்னொன்று: அந்த வீட்டு மாத்திரைப் பையில் என்னென்ன இருக்கிறது?

நடுக்கத்திலிருந்து தொடங்கலாம்

ஒரே தாளத்தில் இங்குமங்குமாக ஆடினால்தான் நடுக்கம். நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு கையையும் தொடைமேல் தளர்வாகப் போடச் சொல்லுங்கள். 'நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே வாங்க' என்று ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு, ஒரு நிமிடம் விரல்களை மட்டும் பாருங்கள். மனம் கணக்குக்குள் போனதும் கட்டைவிரலும் சுட்டுவிரலும் விபூதியை எடுத்து உருட்டுவதுபோல உரச ஆரம்பித்தால் பார்க்கின்சனைச் சந்தேகிக்க வேண்டும். வேகம் விநாடிக்கு 4 முதல் 6 முறை. பெரும்பாலும் ஒரு கையில்தான் தொடங்கும். மறு கைக்குப் பரவிய பிறகும் முதலில் வந்த கையில்தான் அதிகம் இருக்கும். நடக்கவிட்டால் அந்தக் கை வீசாது, விரல் மட்டும் ஆடும். டம்ளரை எடுக்கக் கை நீட்டினால் ஆட்டம் அடங்கிவிடும்.

இப்போது இரண்டு கையையும் முன்னால் நீட்டி அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள். நீட்டிய உடனேயே இரண்டும் ஆடினால் அது பெரும்பாலும் எசென்ஷியல் ட்ரெமர், அதாவது கையை வேலைக்குப் பயன்படுத்தும்போது வரும் நடுக்க நோய். பார்க்கின்சனிலும் நீட்டிய கை ஆடலாம், ஆனால் சில விநாடி அமைதியாக இருந்துவிட்டுத்தான் ஆட ஆரம்பிக்கும். இந்தச் சில விநாடி இடைவெளியை யாரும் காத்திருந்து பார்ப்பதில்லை. அதனாலேயே இரண்டும் ஒன்றாகக் குழம்பிப்போகின்றன.

எசென்ஷியல் ட்ரெமரைக் காட்டிக்கொடுக்க நம் வீட்டிலேயே நல்ல சோதனை ஒன்று உண்டு: காபி ஆற்றுவது. டம்ளரிலிருந்து டபராவுக்கு ஊற்றும்போது பாதி தரையில் போகும். கோலத்தில் கோடு நெளியும், ஊசியில் நூல் கோக்க முடியாது. தலை 'இல்லை, இல்லை' என்பதுபோல ஆடலாம், குரலும் நடுங்கலாம். பல பேருக்கு அப்பாவுக்கோ அத்தைக்கோ இதே ஆட்டம் இருந்திருக்கும். கொஞ்சம் மது உள்ளே போனால் கை நிற்கும் என்று சிலர் சொல்வது உண்மைதான். ஆனால் இறங்கும்போது முன்பைவிட அதிகமாகத் திரும்பி வரும் என்பதால் அதை மருந்தாக எடுத்துக்கொள்ளும் வழி கிடையாது. ப்ரோப்ரனலால், பிரிமிடோன் இரண்டும்தான் முதல் வரிசை மருந்துகள். ஆஸ்துமா உள்ளவருக்கு ப்ரோப்ரனலால் கூடாது. இதை டாக்டர் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்ல மறக்கக்கூடாது.

கையெழுத்தும் பேசும். 'கையெழுத்து ஒத்துப்போகவில்லை' என்று பேங்கில் செக் திரும்பி வருவதிலிருந்துதான் பல பேருடைய கதை ஆரம்பிக்கிறது. ஒரு வெள்ளைத் தாளில் நாலு வரி எழுதச் சொல்லுங்கள். பார்க்கின்சனில் எழுத்து போகப்போகச் சிறுத்து, வரி முடிவில் எறும்பு ஊர்ந்ததுபோல ஆகிவிடும். எசென்ஷியல் ட்ரெமரில் எழுத்தின் அளவு குறையாது, ஒவ்வொரு கோடும் ரம்பப் பல்லாக இருக்கும். அடுத்து, முழங்கையையும் மணிக்கட்டையும் மேசையில் ஊன்றாமல் உள்ளிருந்து வெளியே ஒரு சுருள் வரையச் சொல்லுங்கள். ஊன்றி வரைந்தால் நடுக்கம் ஒளிந்துகொள்ளும். தேதி போட்டு அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். ஆறு மாதம் கழித்து வரையும் சுருளை இதன் பக்கத்தில் வைத்தால் மருந்து கேட்கிறதா இல்லையா என்பது தானாகத் தெரியும்.

மூன்றாவது வகை, பொருளை நெருங்க நெருங்கக் கூடும் நடுக்கம். மூக்கைத் தொட்டுவிட்டு எதிரில் இருப்பவரின் விரலைத் தொடச் சொன்னால், பாதி தூரம் ஒழுங்காக வந்த கை கடைசி ஒரு சாண் தூரத்தில் அலைபாயும். இது சிறுமூளைக் கோளாறு. பக்கவாதம், நரம்பு உறை கெடும் மல்டிபிள் ஸ்கிலரோசிஸ், நீண்ட நாள் குடி இவற்றோடு, வலிப்புக்குத் தரும் பெனிடாய்ன் மாத்திரையும் காரணமாகலாம். ஓர் அளவைத் தாண்டியதும் கல்லீரலால் அதை அதற்குமேல் வேகமாக உடைக்க முடியாது. அதனால் டோஸைக் கொஞ்சம் கூட்டினாலும் இரத்தத்தில் அளவு கிடுகிடுவென ஏறிவிடும். வலிப்பு நோயாளி திடீரென்று குடித்தவர்போலத் தள்ளாடினால் முதலில் பெனிடாய்ன் அளவைப் பார்க்க வேண்டும்.

விரல் மேல் ஒரு தாளை வைத்தால் மட்டும் தெரியும் சன்னமான, வேகமான நடுக்கம் எல்லாருக்கும் உண்டு. அது பெரிதானால் தைராய்டு கூடியிருக்கிறதா என்று பாருங்கள். ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால், டெரிஃபிலின், வலிப்புக்கான வால்ப்ரோயேட், மனநலத்துக்கான லித்தியம் எல்லாம் இதைக் கூட்டும். சர்க்கரை இறங்கினாலும் வரும். தினம் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் முதல் நாளிலேயே கை உதறும், இரண்டு மூன்று நாளில் அது ஜன்னியாக மாறி உயிருக்கே ஆபத்தாகலாம். லித்தியம் எடுப்பவருக்கு வாந்தி பேதி வந்து உடம்பில் நீர் வற்றினாலோ, மூட்டுவலிக்கென்று டைக்ளோஃபெனாக் சேர்ந்தாலோ சன்னமான நடுக்கம் பெரிய உதறலாகும். அது லித்தியம் விஷமேறுவதன் அடையாளம். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது.

மாத்திரைப் பையைக் கொட்டிப் பாருங்கள்

என்னைக் கேட்டால் எம்ஆர்ஐக்கு முன்னால் செய்ய வேண்டிய பரிசோதனை இதுதான், காசும் ஆகாது. வயிற்று எரிச்சலுக்கென்று மாதக்கணக்கில் விழுங்கும் காப்ஸ்யூலைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படியுங்கள். ரபிப்ரசோலோ பான்டோப்ரசோலோ மட்டும் இருந்தால் சரி. கூடவே 'லெவோசல்பிரைடு 75 மி.கி.' என்று இருந்தால் அங்கே நின்றுவிடுங்கள். வயிறு சீக்கிரம் காலியாகட்டும் என்று சேர்க்கிற அந்த மருந்து மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் வேலை செய்யும் இடத்தை அடைத்துவிடும். பார்க்கின்சனில் டோபமைன் குறைகிறது, இங்கே இருக்கிற டோபமைன் வேலை செய்ய முடியாமல் போகிறது. வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுதான்: முகத்தில் உணர்ச்சி இல்லை, நடை சுருங்குகிறது, கை நடுங்குகிறது. தலைசுற்றலுக்கான சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கான ஃபுளூனரிசின், வாந்திக்கான மெட்டோகுளோப்ரமைடு, புரோகுளோர்பெரசின், மனநல மருந்துகளில் ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் எல்லாம் இதே வேலையைச் செய்யக்கூடியவை. டோம்பெரிடோன் மூளைக்குள் அவ்வளவாக நுழையாது, அதனால் ஆபத்து குறைவு.

இரண்டு கையிலும் ஒரே அளவில், சில வாரங்களில் வேகமாக வந்திருந்தால் மருந்தின் மீது சந்தேகம் கூடும். நிறுத்தியதும் மறுநாளே சரியாகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வாரங்கள், சில நேரம் ஆறு மாதத்துக்கு மேலும் ஆகும். நிறுத்திய பிறகும் போகாதவர்களில் சிலருக்கு உள்ளே ஒளிந்திருந்த பார்க்கின்சனைத்தான் மருந்து வெளியே கொண்டுவந்திருக்கும். வயிற்று மாத்திரையை டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நிறுத்திவிடலாம். மனநல மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அசைவு நிற்பதற்குள் நோய் திரும்பிவிடும்.

இதே மருந்துக் கூட்டம் வேறு மூன்று வேஷமும் போடும். வாந்திக்கு ஊசி போட்ட சில மணி நேரத்திலிருந்து நாலைந்து நாளுக்குள், அதுவும் இளவயதினருக்கு, கண் மேலே சொருகி, கழுத்து பின்னால் வளைந்து, நாக்கு வெளியே தள்ளி, தாடை பூட்டிக்கொள்ளும். நினைவு தெளிவாக இருக்கும், கூப்பிட்டால் புரியும். இதை வலிப்பென்று நினைப்பார்கள், ரண ஜன்னியென்று பயப்படுவார்கள், பேய் பிடித்ததென்று வேப்பிலையும் அடிப்பார்கள். ப்ரோமெத்தசின் போன்ற ஓர் ஊசி போட்டால் பெரும்பாலும் அரை மணிக்குள் இறங்கிவிடும். அதோடு விட்டுவிடக் கூடாது. காரணமான மருந்து இன்னும் உடம்பில் இருக்கும், அதனால் இந்த முறிப்பு மருந்தை இரண்டு மூன்று நாள் மாத்திரையாகத் தொடர வேண்டும். அந்த வாந்தி மருந்தின் பெயரை எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது வேஷம், உட்கார முடியாத தவிப்பு. நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி மிதிப்பார், நடந்துகொண்டே இருப்பார். மனநோய்தான் முற்றிவிட்டது என்று நினைத்து அதே மருந்தின் டோஸைக் கூட்டினால் தவிப்பும் கூடும். 'மனசு பதறுதா, காலுக்குள்ள பதறுதா?' என்று கேட்டால் அவரே சொல்லிவிடுவார்.

மூன்றாவது, மாதக்கணக்கில் எடுத்த பிறகு மெதுவாக வருவது: வாயில் ஒன்றுமில்லாமலே வெற்றிலை மெல்வதுபோல மென்றுகொண்டிருப்பது, உதட்டைச் சுழிப்பது, நாக்கைத் துழாவுவது. டார்டிவ் டிஸ்கைனீசியா என்பார்கள். மருந்தை நிறுத்தினாலும் இது நீடிக்கலாம், நிறுத்திய புதிதில் கூடவும் செய்யலாம். நடுக்கத்துக்கு நல்லதென்று கூடவே தரப்படும் டிரைஹெக்ஸிபெனிடில் இந்த வாய் அசைவை மோசமாக்கும். டெட்ராபெனசின் வகை மருந்துகள்தான் இதற்கு உதவும். பல் எல்லாம் விழுந்த பெரியவர்களும், பல்செட் சரியாகப் பொருந்தாதவர்களும் மருந்து எதுவும் இல்லாமலே மெல்லுவார்கள். அவர்களைப் பல் டாக்டரிடம் அனுப்பினால் போதும்.

பார்க்கின்சனுக்கு, டோபமைனை ஈடுகட்டும் லெவோடோபா எடுப்பவர்களின் வீட்டில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. சில வருடம் கழித்து உடம்பு நெளிந்து நெளிந்து ஆடத் தொடங்கும். 'நடுக்கம் அதிகமாயிட்டுது' என்று சொல்லி டோஸைக் கூட்ட வைப்பார்கள். அது நடுக்கமே இல்லை, மருந்தின் உச்சத்தில் வரும் நெளிவு. மாத்திரை போட்ட நேரம், ஆட்டம் வந்த நேரம் இரண்டையும் மூன்று நாள் ஒரு தாளில் குறித்தால் தெரிந்துவிடும். மாத்திரைக்குப் பின் ஒரு மணி, ஒன்றரை மணியில் வந்தால் டோஸ் கூடுதல். அடுத்த மாத்திரைக்கு முன்னால் வந்தால் மருந்தின் வேலை தீர்ந்துவிட்டது. நாட்டுமருந்துக் கடைப் பூனைக்காலி விதையிலும் லெவோடோபாவேதான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு டாக்டரிடம் மறைத்தால் எந்தக் கணக்கும் உதவாது.

தாறுமாறாக ஓடும் அசைவு

தாளமே இல்லாமல், விரலில் தொடங்கித் தோளுக்கு, தோளிலிருந்து முகத்துக்கு என்று ஓடிக்கொண்டிருந்தால் அந்த அசைவுக்குக் கொரியா என்று பெயர். அடுத்து எங்கே அசையும் என்று சொல்ல முடியாது. பள்ளிக்கூட வயதில், 5 முதல் 15க்குள், அதிலும் பெண் குழந்தைகளுக்கு இது வந்தால் முதலில் நினைக்க வேண்டியது சிடென்ஹாம் கொரியா. தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி வந்துபோய் வாரங்கள், மாதங்கள் கழித்து வரும். நோட்டில் எழுத்து கோணும், தட்டு கை நழுவி விழும், காரணமில்லாமல் அழுகை வரும். 'குரங்குச் சேட்டை' என்று வகுப்பில் அடி வாங்குகிற குழந்தை இதுவாக இருக்கலாம். உங்கள் இரண்டு விரலை அந்தக் குழந்தையின் கைக்குள் கொடுத்து, விடாமல் இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். பிடி நிலைக்காது, பால் கறப்பதுபோல இறுகித் தளர்ந்து இறுகும். நாக்கை நீட்டச் சொன்னால் பத்து விநாடி வெளியே நிற்காது, உள்ளே ஓடிவிடும். கைகளைத் தலைக்கு மேல் தூக்கினால் உள்ளங்கை வெளிப்பக்கம் திரும்பிக்கொள்ளும்.

அசைவு பெரும்பாலும் சில மாதத்தில் தானாக அடங்கிவிடும். ஆனால் இது ருமாட்டிக் காய்ச்சலின் முக்கிய அடையாளங்களில் ஒன்று, இதய வால்வு கெட்டிருக்கலாம். இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். மாதங்கள் கடந்துவிட்டால், கிருமி வந்துபோனதைக் காட்டும் ஏஎஸ்ஓ இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் நார்மலாகவும் வரும், அதை நம்பி விட்டுவிடக்கூடாது. வழக்கமாக 21 நாளுக்கொரு முறை பெனிசிலின் ஊசி, வருடக்கணக்கில். கை நின்றுவிட்டதே என்று ஊசியை விட்டவர்களுக்குத்தான் பின்னால் வால்வு ஆபரேஷன் வரை போகிறது.

வயதானவருக்கு, அதுவும் சர்க்கரை உள்ள பெண்மணிக்கு, ஒரு பக்கக் கையும் காலும் மட்டும் திடீரென ஆட ஆரம்பித்தால் குளுக்கோமீட்டரை எடுங்கள். சர்க்கரை பல நேரம் 400க்கு மேல் இருக்கும். ஆசிய நாட்டுப் பெண்களிடம் இது அதிகம் பார்க்கப்படுகிறது. சிடி ஸ்கேனில் மூளையின் எதிர்ப்பக்க அடித்தளத்தில் ஒரு வெள்ளைத் திட்டு தெரியும். அதை இரத்தக்கசிவு என்று வாசித்துவிட வாய்ப்பு உண்டு. சர்க்கரை இறங்க இறங்கப் பெரும்பாலும் அசைவும் இறங்கும். சர்க்கரை சரியாக இருந்து, கை காலைத் தூக்கி வீசுவதுபோல ஆடினால் மூளையின் ஆழத்தில் சப்தாலமிக் நியூக்ளியஸ் என்ற சிறு இடத்தில் பக்கவாதம் வந்திருக்கலாம், உடனே போக வேண்டும்.

ஹன்டிங்டன் நோயை எல்லோரும் கூகுளில் முதலில் பார்த்துப் பயப்படுகிறார்கள். 1872இல் ஜார்ஜ் ஹன்டிங்டன் விவரித்தது, 1993இல் மரபணு பிடிபட்டது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நடுவயதில் கொரியா, குணமாற்றம், மறதி சேர்ந்து வரும். குடும்பத்தில் யாருக்கும் இல்லையென்றால் முதலில் வேறு காரணங்களைத் தேடுவதுதான் முறை.

முறுக்கிக்கொண்டு நிற்பது

தசை இழுத்து, உறுப்பை ஒரு கோணத்தில் முறுக்கிப் பிடித்துக்கொண்டால் டிஸ்டோனியா. பேனா பிடித்தால் மட்டும் விரல் முறுக்கும், அதே கை தோசை திருப்பும், பட்டன் போடும். கழுத்து ஒரு பக்கம் திரும்பிக்கொண்டவர் தாடையில் ஒரு விரலை லேசாக வைத்ததும் தலை நேராகிவிடும். 'விரல் பட்டதும் சரியாகுதே, அப்ப நடிப்புதான்' என்று குடும்பம் முடிவுகட்டும். உண்மையில் அந்தத் தொடுகைத் தந்திரமே டிஸ்டோனியாவின் முத்திரை. தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒரு முறை தேவைப்படும்.

காலையில் ஓடி விளையாடும் குழந்தை சாயங்காலம் பாதம் உள்ளே மடங்கி நொண்டினால், 'மூளை வாதம்' என்று பெயர் வைப்பதற்கு முன்னால் லெவோடோபாவைச் சின்ன டோஸில் கொடுத்துப் பார்க்க வேண்டும். லெவோடோபாவுக்கு நன்றாகக் கேட்கும் பரம்பரை டிஸ்டோனியாவான சேகவா நோயானால் அந்தக் கொஞ்ச மருந்துக்கே பிள்ளை எழுந்து நடக்கும்.

நாற்பது வயதுக்குள் எந்த வகை அசைவு வந்தாலும், நடுக்கமோ முறுக்கோ பேச்சுக் குழறலோ, வில்சன் நோயைத் தேடாமல் விடக்கூடாது. தாமிரம் வெளியேறாமல் கல்லீரலிலும் மூளையிலும் தங்கும் நோய் இது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் வரும். மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்துக்குள் கட்டும் நம் ஊரில் அந்தச் சேர்க்கைக்கு வாய்ப்பு அதிகம். இரத்தத்தில் தாமிரத்தைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மின், 24 மணி நேரச் சிறுநீரில் தாமிரம், கண் டாக்டரிடம் ஸ்லிட் லாம்ப் வழியே கருவிழி ஓரத்துப் பழுப்பு வளையம், இந்த மூன்றும் பார்க்க வேண்டும். உறுதியானால் உடன்பிறந்தவர்கள் அத்தனை பேரையும் சோதிக்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. தாமிரத்தை வெளியேற்றும் பெனிசிலமைன் தொடங்கிய புதிதில் சிலருக்கு அசைவு மோசமாகும், அதனால் டோஸை மெதுவாகத்தான் ஏற்றுவார்கள். மருந்து ஆயுசுக்கும். செம்புக் குடத்துத் தண்ணீர் நல்லது என்று யார் சொன்னாலும் இவர்களுக்கு ஆகாது.

வெட்டு, துடிப்பு, சேட்டை

மின்சாரம் பட்டதுபோல ஒரு கணம் வெட்டிவிட்டு நிற்பது மயோக்ளோனஸ். தூக்கம் பிடிக்கும் நேரத்தில் தூக்கிவாரிப்போடுவதும் விக்கலும் இந்த இனம்தான், பயமில்லை. பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைக்குக் காலையில் பல் துலக்கும்போது பிரஷ் பறந்து விழுந்தால், டம்ளர் கையிலிருந்து துள்ளினால், அது ஒரு வகை வலிப்பு. தேர்வுக்காக இரவெல்லாம் விழித்த மறுநாள் கூடும். இதற்குக் கார்பமசெபின், பெனிடாய்ன் கொடுத்தால் வெட்டு அதிகமாகலாம்.

சிறுநீரகம் பலவீனமான சர்க்கரை நோயாளிக்குக் கால் எரிச்சலுக்காக ப்ரீகாபலின் வழக்கமான டோஸில் போனால், வெளியேற வழியில்லாமல் தேங்கி உடம்பு வெட்டி வெட்டிப் போடும். பஸ்ஸை நிறுத்தக் கை காட்டுவதுபோல இரண்டு உள்ளங்கையையும் நிமிர்த்தி அரை நிமிடம் பிடிக்கச் சொல்லும்போது மணிக்கட்டு அடிக்கடி தொய்ந்து விழுந்து எழுந்தால் கல்லீரல், சிறுநீரகம், நுரையீரலில் கரியமில வாயு தேக்கம் மூன்றையும் பார்க்க வேண்டும். நன்றாகப் படித்த பிள்ளைக்கு மார்க் சரிந்து, சில விநாடிக்கொரு முறை உடம்பு குலுங்கித் தலை தொங்கினால், சின்ன வயதில் மணல்வாரி அம்மை வந்ததா என்று கேளுங்கள். அந்த வைரஸ் வருடங்கள் கழித்து மூளையில் கிளப்பும் எஸ்எஸ்பிஇ என்ற மூளை அழற்சி அது. வந்த பிறகு குணமாக்குவது கடினம். தடுப்பூசிதான் காப்பு.

குழந்தை கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருக்கிறது, தோளைக் குலுக்குகிறது, தொண்டையைச் செருமுகிறது. கேட்டால் கொஞ்ச நேரம் அடக்கிக் காட்டும், அப்புறம் சேர்த்துவைத்து வரும். இது டிக். செய்வதற்கு முன்னால் உள்ளே ஓர் அரிப்புபோல உந்தும், செய்தால்தான் தீரும். ஆறு வயதை ஒட்டித் தொடங்கி, பத்து பன்னிரண்டில் உச்சத்துக்குப் போய், பலருக்குப் பிறகு குறையும். 'கண்ணை அடிக்காதே' என்று சொல்லச் சொல்லக் கூடும். சொல்லாமல் இருப்பதே முதல் வைத்தியம்.

தாய்ப்பால் குடிக்கும் வயதுக் குழந்தை வெளிறி, முடி செம்பட்டையாகி, கற்ற சிரிப்பை மறந்து கை கால் நடுங்கினால் பெரும்பாலும் வைட்டமின் பி12 குறைவு. பல நேரம் தாய் முட்டை, மீன் தொடாதவராக, பாலும் அதிகம் குடிக்காதவராக இருப்பார்.

இமை துடிப்பதற்கு நம்மிடம் தனி சாஸ்திரமே இருக்கிறது: ஆணுக்கு வலது, பெண்ணுக்கு இடது. கீழிமை சில நாள் துடித்தால் தூக்கக்குறைவு, காபி, கண் அசதி, அவ்வளவுதான். ஆனால் கண் மூடும்போது கன்னமும் உதட்டோரமும் சேர்ந்து இழுத்தால், அதுவும் ஒரே பக்கம், தூக்கத்திலும் நிற்காமல் இருந்தால் பெரும்பாலும் முக நரம்பின் வேரை ஓர் இரத்தக்குழாய் உரசிக்கொண்டிருக்கிறது. இரண்டு கண்ணும் சேர்ந்து இறுக மூடிக்கொண்டு, வெயிலில் வண்டி ஓட்டும்போது திறக்க மறுத்தால் அது டிஸ்டோனியாவின் வகை. இரண்டுக்கும் போட்டுலினம் ஊசி நன்றாகக் கேட்கும்.

மனச்சுமையால் வரும் நடுக்கமும் உண்டு. அதுவும் நோய்தான், வேண்டுமென்று செய்வதில்லை. திடீரென ஒருநாள் உச்சத்தில் தொடங்கும். ஆடாத கையால் நீங்கள் தட்டும் தாளத்தைப் பார்த்துத் தட்டச் சொன்னால், ஆடும் கை நின்றுவிடும், இல்லையென்றால் அதே தாளத்துக்கு மாறிவிடும்.

டாக்டரிடம் போகும் நாளில் பார்த்து ஆட்டம் வராமல் போவது வழக்கம். போனைப் படுக்கைவாட்டில் பிடித்து, முகமும் பாதமும் தெரிய, ஜன்னல் வெளிச்சம் அவர் முகத்தில் விழும்படி ஒரு நிமிடம் எடுங்கள்: உட்கார்ந்து கணக்குச் சொல்வது, கை நீட்டுவது, தண்ணீர் ஊற்றுவது, எழுதுவது, பத்து அடி நடந்து திரும்புவது. 'ஆட்டாதே' என்று பின்னால் யாரும் சத்தம் போட வேண்டாம். ராத்திரி அவர் நன்றாகத் தூங்கிய பிறகு போர்வையை விலக்கி இன்னும் அரை நிமிடம் எடுங்கள். அப்போதும் அசைந்தால் அதை டாக்டரிடம் முதலில் காட்டுங்கள்.